"பிள்ளை பிறக்கட்டும், பிறகு பல்லைப் பார்ப்போம்" என்பது சரியா?

கர்ப்பிணித் தாயொருத்திக்குப் பல்வலி வந்தால் எமது வீடுகளில் முதலில் எழும் குரல், "இப்ப பல்லிலை கை வைக்காதை, பிள்ளை பிறக்கட்டும்" என்பதுதான். மாமி சொல்வார், அயலிலுள்ள பெரியம்மா சொல்வார், சில வேளைகளில் ஆஸ்பத்திரியில் துண்டு எழுதுகிறவரும் சொல்வார். சொல்கிறவர்கள் எல்லோரும் அந்தத் தாய்மீதும் வயிற்றிலுள்ள பிள்ளைமீதும் அக்கறை கொண்டவர்களே. ஆயினும் அவர்கள் சொல்வது பிழையானது. கர்ப்பகாலத்தில் பல்லுக்கு வைத்தியம் செய்யலாம், செய்யவும் வேண்டும். செய்யாமல் விடுவதில்தான் ஆபத்து கூடுதலாக உள்ளது. இதை வாசிக்கும் பெண்களுக்கு மட்டுமல்ல, அவர்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிச் செல்லவேண்டிய கணவன்மாருக்கும், வீட்டில் முடிவெடுக்கும் பெரியவர்களுக்கும் சேர்த்தே இதனை எழுதுகிறோம்.

"பிறகு" என்பது எப்போது வருகிறது என்று சற்று எண்ணிப் பாருங்கள். பிள்ளை பிறந்தால் 31 நாள் துடக்கு. அதன் பின் பால் கொடுக்கும் பிள்ளையை விட்டுவிட்டு எங்கும் போகமுடியாது. பிள்ளை தவழத் தொடங்கும்போது காலபோக விதைப்பு வந்துவிடும். விதைப்பு முடிந்தால் களை, களை முடிந்தால் அரிவுவெட்டு. காணி இல்லாமல் கூலிக்குப் போகிற குடும்பமாயின் ஒரு நாளைய ஆஸ்பத்திரிப் பயணம் ஒரு நாட்கூலி இழப்பு. அதற்கிடையில் அடுத்த பிள்ளையும் வயிற்றில் வந்துவிட்டால் மறுபடியும் "பிள்ளை பிறக்கட்டும்" என்பதுதான் கதை. இப்படியே மூன்று பிள்ளை பெற்ற தாய்க்கு முப்பத்தைந்து வயதில் கடைவாய்ப்பற்கள் இல்லை. அப்போது ஊர் சொல்லும்: "ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொரு பல்லைக் கொண்டுபோகும்."

பிள்ளை ஒரு பல்லையும் கொண்டுபோவதில்லை. வயிற்றிலுள்ள பிள்ளை தாயின் பல்லிலிருந்து சுண்ணாம்புச் சத்தை உறிஞ்சி எடுக்கிறது என்ற நம்பிக்கைக்கு எந்த ஆதாரமும் இல்லை. பிள்ளைக்கு வேண்டிய கல்சியம் தாய் உண்ணும் உணவிலிருந்து வருகிறது. உணவில் போதாவிட்டால் எலும்பிலிருந்து எடுக்கப்படும். முளைத்து முற்றிய பல்லிலிருந்து அது திரும்பிப் போவதற்கு வழியில்லை. ஆகவே தாயின் பல் போவதற்குக் காரணம் பிள்ளையல்ல. கவனிக்காமல் விட்ட சூத்தையும், கவனிக்காமல் விட்ட முரசு நோயுமே காரணம்.

கர்ப்பகாலத்தில் வாய்க்குள் மாற்றங்கள் ஏற்படுவது உண்மையே. உடலில் சுரக்கும் ஓமோன்களின் அளவு கூடுவதால் முரசுக்கு இரத்தம் அதிகமாகப் பாய்கிறது. பல்லிடுக்கில் படிந்திருக்கும் அழுக்குக்கு, மற்றக் காலங்களில் பேசாமல் இருந்த முரசு, இப்போது சிவந்து வீங்குகிறது. கர்ப்பிணிகளில் நூற்றுக்கு 60 தொடக்கம் 75 பேர் வரைக்கும் இந்த முரசு அழற்சி உண்டாவதாகக் கணித்திருக்கிறார்கள். பல் துலக்கும்போது இரத்தம் கசியும். இரத்தத்தைக் கண்ட பெண் பயந்துபோய், "பிரஷ் படுவதால்தான் இரத்தம் வருகிறது" என்று துலக்குவதையே நிறுத்திவிடுவாள். அழுக்கு மேலும் படியும், முரசு மேலும் வீங்கும். இந்த இடத்தில்தான் எங்கள் பெண்கள் பலர் தவறிப்போகிறார்கள். இரத்தம் வந்தால் துலக்குவதை விடக்கூடாது. மெதுவான பிரஷ்ஷினால், முரசும் பல்லும் சந்திக்கும் ஓரத்தை இன்னும் கவனமாகத் துலக்கவேண்டும். சிலருக்கு இரண்டு பற்களுக்கு இடையில் முரசிலிருந்து ஒரு சிவந்த கட்டி தொங்கும். தொட்டால் இரத்தம் வரும். பார்க்கப் பயமாக இருந்தாலும் அது புற்றுநோயல்ல. பெரும்பாலும் பிள்ளை பிறந்தபின் தானாகவே சுருங்கிவிடும்; ஆனாலும் அது என்ன கட்டியென்று பல் வைத்தியர் ஒருவர் பார்த்துச் சொல்வதே முறை.

அடுத்தது சத்தி. முதல் மூன்று மாதமும் சத்தியெடுக்கும் தாய்க்கு இரைப்பையின் அமிலம் வாய்க்கு வந்து பல்லின் மேற்பூச்சை மெதுவாக்கிவிடுகிறது. சத்தியெடுத்த கையோடு வாய் கசக்கிறதென்று பிரஷ்ஷை எடுத்துத் தேய்ப்பது, மெதுவாகிப்போன அந்த மேற்பூச்சைச் சுரண்டி எடுப்பதற்குச் சமம். ஒரு கோப்பை தண்ணீரில் ஒரு தேக்கரண்டி அப்பச்சோடாவைக் கரைத்து வாயைக் கொப்பளித்துத் துப்புங்கள். சோடா இல்லாவிட்டால் வெறுந்தண்ணீராவது போதும். அரை மணித்தியாலம் தொடக்கம் ஒரு மணித்தியாலம் கழித்துத் துலக்குங்கள். பற்பசையின் வாசனையே சத்தியைக் கொண்டுவருகிறது என்றால் மிகச் சிறிதளவு பசை போதும், அல்லது அன்றைக்கு வெறும் பிரஷ் போதும்.

வயிற்றைப் பிரட்டுகிறதென்று அடிக்கடி ஏதாவது கடிக்கவேண்டியும் வரும். பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறுந்தேத்தண்ணி குடிப்பது எங்கள் வழக்கம். திரிபோஷாவைச் சீனி சேர்த்து உருட்டிச் சாப்பிடுவதும் வழக்கம். திரிபோஷாவைக் கைவிடும்படி எவரும் சொல்லமாட்டோம், அது தாய்க்கும் பிள்ளைக்கும் வேண்டிய சத்து. சாப்பிட்டபின் வாயைத் தண்ணீரால் கொப்பளியுங்கள், இரவு படுக்குமுன் கட்டாயம் துலக்குங்கள். சீனித் தேத்தண்ணியை நாளுக்கு ஆறு தடவை சிறிது சிறிதாகக் குடிப்பதைவிட, சாப்பாட்டோடு ஒரு தடவை குடிப்பது பல்லுக்கு நல்லது.

இவையெல்லாம் கிணறும் முற்றமும் உள்ள வீட்டிலிருப்பவருக்குச் சொல்ல இலகுவானவை. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்திலிருந்து நடந்த இலட்சக்கணக்கானோரில் எத்தனை பேர் பிரஷ் எடுத்துக்கொண்டு நடந்திருப்பார்கள்? 2009இல் மெனிக் பாம் முகாம்களில் தண்ணீருக்கு வரிசையில் நின்றவர்களுக்கு, கிடைத்த தண்ணீர் குடிக்கவும் சமைக்கவும் காணாமல் இருந்தபோது இரவில் பல் துலக்கு என்று சொன்னால் சிரிப்பார்கள். முகாம் வாழ்க்கை முடிந்து காணிக்குத் திரும்பியவர்கள் பலர், அங்கே பழகிப்போன ஒன்றை மட்டும் கூடவே கொண்டுவந்துவிட்டார்கள்: வாயைப் பற்றி நினையாமல் இருப்பது. இடம்பெயர்வு எடுத்துக்கொண்டவற்றில் வீட்டையும் மாட்டையும் எண்ணுகிறோம். பல்லை எவரும் எண்ணுவதில்லை. இன்னும் சொந்த நிலத்துக்குத் திரும்பாமல் உறவினர் வளவிலும் வாடகைக் கொட்டிலிலும் இருப்பவர்களுக்கு இது இன்றைய நிலையுமாகும். தண்ணீர் குறைவாக இருந்தால் ஒரு தம்ளர் போதும். பிரஷ் இல்லாவிட்டால் வேப்பங்குச்சியோ ஆலங்குச்சியோ நுனியை நன்றாக மென்று மெதுவாக்கிப் பயன்படுத்தலாம். உமிக்கரியும் செங்கற்தூளும் வேண்டாம், அவை பல்லைத் தேய்த்துவிடும். முடிந்தபோது புளோரைட் சேர்ந்த பற்பசை வாங்குங்கள், அதுவே சூத்தையைத் தடுப்பது. (வவுனியா, அநுராதபுரம் பக்கங்களில் சில கிணற்றுத் தண்ணீரில் புளோரைட் கூடுதலாக இருப்பதால் சிறு வயதிலிருந்தே அதைக் குடித்து வளர்ந்தவர்களின் பல்லில் பழுப்புக் கறை இருக்கும். அது சூத்தை அல்ல. எவ்வளவு தேய்த்தாலும் போகாது, தேய்க்கவும் வேண்டாம்.)

இனி, எல்லோரும் அஞ்சுகிற விடயத்துக்கு வருவோம். "ஊசி போட்டுப் பல்லுப் பிடுங்கினால் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாதா?"

கேள்வி நியாயமானது. பிள்ளைக்கு ஏதாவது நேர்ந்தால் யார் பொறுப்பு என்று கேட்கும் மாமியைக் குறைசொல்ல முடியாது. அவருக்கு நல்ல விடை சொல்ல வேண்டியது எங்கள் கடமை. பல்லுக்குப் போடும் விறைப்பு ஊசி அந்த இடத்தை மட்டும் விறைக்கச் செய்வது, ஆளை மயக்குவதல்ல. இஸ்ரேல் நாட்டில் கர்ப்பகாலத்தில் இந்த ஊசி போடப்பட்ட 210 தாய்மாரையும், போடப்படாத 794 தாய்மாரையும் ஒப்பிட்ட ஓர் ஆய்வு 2015இல் வெளிவந்தது. பிறந்த பிள்ளைகளின் அங்கக் குறைபாடுகளில் கணக்கிலெடுக்கத்தக்க வேறுபாடு எதுவும் காணப்படவில்லை. அமெரிக்க மகப்பேற்று வைத்தியர்களின் கல்லூரி 2013இல் வெளியிட்ட கருத்துரையில், விறைப்பு ஊசியும், வயிற்றையும் கழுத்தையும் ஈயக் கவசத்தால் மூடி எடுக்கும் பல் எக்ஸ்றேயும் கர்ப்பகாலத்தில் பாதுகாப்பானவை என்றும், அவசர சிகிச்சையைப் பிற்போடக்கூடாது என்றும் சொல்லியிருக்கிறது. பல் பிடுங்குதல், சூத்தை அடைத்தல், வேர்ச் சிகிச்சை, பல் சுத்தம் செய்தல் ஆகிய நான்குமே செய்யத்தக்கவை.

எந்த மாதத்தில் என்று கேட்டால், நாலாம், ஐந்தாம், ஆறாம் மாதங்கள் மிக வசதியானவை. அப்போது சத்தி குறைந்திருக்கும், வயிறும் பெரிதாக இராது. ஆனால் இது வசதியைப் பற்றிய பேச்சே. இரண்டாம் மாதத்தில் கன்னம் வீங்கினால் நாலாம் மாதம் வரை காத்திருக்கவேண்டும் என்பதல்ல. வலியும் வீக்கமும் இருந்தால் எந்த மாதமும் பொருத்தமான மாதமே. பிந்திய மாதங்களில் ஒன்றைக் கவனிக்கவேண்டும்: கதிரையில் மல்லாக்கப் படுத்தால் கருப்பை பெரிய இரத்தக்குழாயை அமுக்கித் தலைசுற்றும், வியர்க்கும். வலது இடுப்புக்குக் கீழே ஒரு தலையணையையோ மடித்த துவாயையோ வைத்து, உடலை இடப்பக்கமாகச் சற்றுச் சரித்துக்கொண்டால் அது வராது. வைத்தியர் மறந்தாலும் தாய் நினைவூட்டலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை.

இன்னொன்றையும் இங்கு சொல்லவேண்டும். முரசு நோய் இருந்தால் பிள்ளை குறைமாதத்தில் பிறந்துவிடும் என்று சிலர் தாய்மாரைப் பயமுறுத்துகிறார்கள். நல்ல நோக்கத்துக்காகத்தான் சொல்கிறார்கள் என்றாலும் இது நியாயமில்லை. அமெரிக்காவில் 823 கர்ப்பிணிகளை வைத்துச் செய்து 2006இல் வெளிவந்த ஆய்வில், பாதிப்பேருக்கு முரசு சிகிச்சை கர்ப்பகாலத்திலும் மறுபாதிக்குப் பேறு முடிந்தபின்னும் வழங்கப்பட்டது. குறைமாதப் பேறு இரு பக்கத்திலும் நூற்றுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று அளவிலேயே இருந்தது. சிகிச்சை அதனைக் குறைக்கவுமில்லை, கூட்டவுமில்லை. தாயின் முரசு மட்டும் நன்றாகத் தேறியது. ஆகவே குறைமாதப் பிள்ளை பெற்ற ஒரு தாயிடம் போய் "நீ பல்லைக் கவனிக்காததால்தான்" என்று எவரும் சொல்லாதிருக்கட்டும். ஏற்கனவே இழந்தவை போதும். பல்லைக் கவனிப்பதற்கு அத்தகைய பயமுறுத்தல் தேவையுமில்லை. வலியில்லாமல் சாப்பிடுவதும், இரவில் நித்திரை கொள்வதும், சீழ் பரவாமல் காப்பதும் போதுமான காரணங்கள். கடைவாயால் மெல்ல முடியாத தாய் கீரையையும் பயறையும் நெத்தலியையும் ஒதுக்கிவிட்டுத் தேத்தண்ணியும் பாணும் என்று நாளைக் கழிப்பாள். பிள்ளையின் நிறை எங்கிருந்து கூடும்?

பல் வைத்தியரிடம் போகப் பயந்தவர்கள் சும்மா இருப்பதில்லை, கடைக்குப் போகிறார்கள். அங்கேதான் மெய்யான ஆபத்து. கர்ப்பிணிக்குப் பல்வலியைத் தணிக்கப் பரசிற்றமோல், அதாவது நாங்கள் பனடோல் என்று சொல்லும் 500 மில்லிகிராம் குளிசை, ஏற்றது. ஒரு தடவைக்கு 2, ஆறு மணித்தியாலத்துக்கு முன் அடுத்தது இல்லை, 24 மணித்தியாலத்தில் 8ஐத் தாண்டக்கூடாது. இபுபுறோபன், டைக்குளோபெனாக், அஸ்பிரின் போன்ற வலிக்குளிசைகளை வைத்தியர் சொல்லாமல் எடுக்கவேண்டாம். ஐந்தாம் மாதத்துக்குப் பின் அவை பிள்ளையின் சிறுநீரகத்தையும், இன்னும் பிந்தினால் இதயத்தருகே உள்ள இரத்தக்குழாயையும் பாதிக்கலாம். வேறு நோய்க்காக அஸ்பிரின் எழுதித் தரப்பட்ட தாய் அதைத் தானாக நிறுத்தவும் வேண்டாம். சீழ் பிடித்திருந்தால் வைத்தியர் பெரும்பாலும் அமொக்சிசிலின் எழுதுவார், அது கர்ப்பகாலத்தில் கொடுக்கத்தக்கது.

விவசாயக் குடும்பங்கள் விசேடமாகக் கவனிக்கவேண்டியது டொக்சிசைக்கிளின். வயலில் இறங்குமுன் எலிக்காய்ச்சலைத் தடுக்கச் சுகாதாரப் பரிசோதகர் தரும் குளிசை இதுதான். கணவனுக்குக் கொடுத்ததில் மிச்சம் வீட்டில் கிடக்கும். "அதுவும் கிருமிக்குக் குளிசைதானே" என்று பல்வீக்கத்துக்கு மனைவி எடுத்துவிடக்கூடாது. ரெட்ராசைக்கிளின் இனத்தைச் சேர்ந்த இம்மருந்துகள் வயிற்றிலுள்ள பிள்ளையின் உருவாகும் பல்லில் மாறாத மஞ்சட் கறையை ஏற்படுத்தக்கூடியவை. அந்தக் குளிசைகளைத் தனியான போத்தலில் பெயரெழுதி மேலே வையுங்கள். கர்ப்பிணியும் வயலில் இறங்குவதாயின் எலிக்காய்ச்சல் பற்றிக் குடும்பநல மாதுவிடம் தனியாகக் கேட்கவேண்டும்.

கைவைத்தியம் பற்றியும் சில வார்த்தை. வெந்நீரில் உப்புக் கரைத்துக் கொப்பளிப்பது நல்லது. ஒரு கராம்பை வலிக்கும் பல்லில் கடித்து வைத்திருப்பதால் சற்றுச் சுகம் கிடைக்கும், கெடுதியில்லை. ஆனால் கராம்பெண்ணெயை முரசில் ஊற்றினால் வெந்துபோகும். சூத்தை ஓட்டைக்குள் கற்பூரம் வைப்பது கர்ப்பிணிக்கு வேண்டாம், விழுங்கினால் அது நஞ்சு. புகையிலையை அடக்குவதும் அப்படியே. பல்வலிக்கென்று தொடங்கிய புகையிலை பிள்ளையின் நிறையைக் குறைக்கும், பிறகு விடவும் முடியாது. வெற்றிலை பாக்கு நெஞ்செரிவுக்கு நல்லதென்று கர்ப்பிணிக்குக் கொடுக்கும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பாக்கு, புகையிலை சேராவிட்டாலும், வாய்ப்புற்றுநோயை உண்டாக்குவது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004இல் அறிவித்துவிட்டது.

இவற்றில் எதைச் செய்தாலும் வலி போனதும் நோய் போய்விட்டதென்று எண்ணாதீர்கள். சூத்தை நரம்பைக் கொன்றுவிட்டால் வலி நிற்கும். சீழ் உள்ளே வேலை செய்துகொண்டிருக்கும். தாடைக்குக் கீழ் அல்லது கண்ணுக்கருகே வீக்கம் பரவினால், வாய் திறக்க முடியாவிட்டால், எச்சில் விழுங்கக் கஷ்டமானால், காய்ச்சலும் நடுக்கமும் வந்தால் அன்றைக்கே, இரவானாலும், பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். மூச்சு அடைக்கும் நிலை மணித்தியாலங்களில் வரலாம்.

சூத்தையை அடைக்கும்போது ஒரு சொல். வெள்ளி நிறத்தில் அடைக்கும் கலவையில் பாதரசம் உண்டு. மினமாட்டா உடன்படிக்கை நாடுகள், இலங்கையும் அதில் ஒன்று, கர்ப்பிணிகளுக்கும் பால்கொடுக்கும் தாய்மாருக்கும் 15 வயதுக்குட்பட்டோருக்கும் அதனைத் தவிர்ப்பதென்று 2022இல் முடிவெடுத்தன. வைத்தியர் தவிர்க்கமுடியாதென்று கருதும் இடத்தில் மட்டும் விதிவிலக்கு. ஆகவே வெள்ளை அடைப்பைக் கேளுங்கள். ஏற்கனவே உள்ள பழைய வெள்ளி அடைப்பைப் பயத்தில் கழற்றவேண்டாம், கழற்றும்போதுதான் பாதரச ஆவி கூடுதலாக வெளிவரும்.

அடைப்பதற்கு எப்போதும் மின்சாரமும் துளைகருவியும் வேண்டுமென்பதுமில்லை. கைக்கருவியால் சூத்தையைச் சுரண்டி எடுத்துவிட்டு ஒட்டும் பசையால் அடைக்கும் முறையொன்று 1980களின் நடுவில் தன்சானியாவில் உருவாக்கப்பட்டது. பல் நலத்தைத் தன் தொனிப்பொருளாகக் கொண்ட 1994ஆம் ஆண்டின் உலக சுகாதார தினத்தில் உலக சுகாதார நிறுவனம் அதனைப் பரிந்துரைத்தது. ஒரு மேசை, ஒரு விளக்கு, பயிற்சிபெற்ற ஒருவர் போதும். கூரையில்லாத பாடசாலையிலும் ஆலய மண்டபத்திலும் செய்யக்கூடிய வேலை இது. எங்கள் தூரக் கிராமங்களுக்கு இதைவிடப் பொருத்தமானது வேறில்லை என்பது எமது எண்ணம். ஆனாலும் நடமாடும் சிகிச்சைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் பிடுங்கும் குறட்டை மட்டும் கொண்டுவருவதேன் என்று கேட்கத் தோன்றுகிறது.

குறை தாய்மாரிடம் மட்டும் இல்லை. அரசாங்க ஆஸ்பத்திரியில் பல் வைத்தியம் இலவசம். ஆனால் பல இடங்களில் தாய்மார் கிளினிக் ஒரு நாள், பல் வைத்தியர் இருப்பது வேறொரு நாள், வேறொரு ஊர். ஒரு பஸ் காலையில், ஒன்று மாலையில் என்றிருக்கும் கிராமத்துத் தாய் ஏழாம் மாத வயிற்றோடு இரண்டு தடவை எப்படிப் போய்வருவாள்? போனவளை வரிசையில் நிற்கவைத்து, "கர்ப்பமா, பிறகு வாங்கோ" என்று திருப்பி அனுப்பினால் அவள் மறுபடி வருவாளா? திருப்பி அனுப்பப்படும் தாய் காரணத்தை எழுதித் தரும்படி கேட்கலாம். கிளினிக் அட்டையில் எழுதுவித்துக்கொண்டு குடும்பநல மாதுவிடமும் சுகாதார வைத்திய அதிகாரியிடமும் காட்டலாம்.

போகும்போது அந்த அட்டையை மறக்கவேண்டாம். எத்தனையாம் மாதம், என்ன குளிசை எடுக்கிறீர்கள், இரத்த அழுத்தமோ சீனி வருத்தமோ உண்டா, முந்திய பேற்றில் கரைச்சல் இருந்ததா என்பவற்றை வைத்தியர் கேட்குமுன்பே சொல்லுங்கள். பசியோடு போகாதீர்கள். கூடவே ஒருவர் போகவேண்டும், அது கணவனாக இருந்தால் நல்லது.

கிராம அபிவிருத்திச் சங்கங்களும் மாதர் சங்கங்களும் செய்யக்கூடிய ஒரு வேலை இருக்கிறது. மாதத்தில் ஒரு தாய்மார் கிளினிக் நாளிலாவது பல் வைத்தியரும் அங்கு வரவேண்டும், அல்லது பல் வைத்தியர் இருக்கும் நாளில் கர்ப்பிணிகளுக்கு முதல் பத்து இலக்கங்களை ஒதுக்கவேண்டும் என்று சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். கிராமத்தில் இப்போது எத்தனை கர்ப்பிணிகள், எவ்வளவு தூரம், பஸ் எத்தனை மணிக்கு என்பவற்றை அதில் குறிப்பிடுங்கள். நிவாரணப் பொதியோ கர்ப்பிணிகளுக்கான பொதியோ கொடுக்கும் நிறுவனங்களிடம், சவர்க்காரத்தோடு ஒரு பிரஷ்ஷும் ஒரு சிறு பற்பசையும் சேர்க்கும்படி கேளுங்கள். கடிதத்தில் தாய்மாரின் கையொப்பத்தோடு கணவன்மாரின் கையொப்பமும் இருக்கட்டும். அடுத்த காலபோக விதைப்புக்கு முன்னர் அனுப்பினால் நல்லது, விதைப்புத் தொடங்கினால் எவருக்கும் நேரமிராது.